தபால் பெட்டியில் அப்பாவும் பிள்ளையும்

சனிக்கிழமை, காலை

அன்புள்ள

என்று எழுதிவிட்டு மூன்று நாளாக அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தொடங்குகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் நலம். இருமல் நின்றுவிட்டது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அடியில் பாத்திரம் வைத்து, சத்தம் கேட்காமலிருக்க அதற்குள் ஒரு துணி போட்டிருக்கிறேன். அத்தை வியாழக்கிழமை பேசினார்கள். முழங்கால் வலி பரவாயில்லையாம். "தம்பி இளைச்சுட்டானா?" என்று கேட்டார்கள். நானே உங்களைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது என்று சொல்லவில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறார், சரியாகிவிடும் அத்தை என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் நன்றாக வருகிறது.

படிவம் செவ்வாய்க்கிழமை வந்தது. இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடங்களிலும் பென்சிலால் பெருக்கல் குறி. ஒன்று, கணவர் தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ள மனைவிக்குச் சம்மதம். இன்னொன்று, மனைவியும் அதே புதுப் பெயரை எடுத்துக்கொள்கிறார். ஐந்து நிமிட வேலை. இன்று ஐந்தாவது நாள்.

போனில் பேசியிருக்கலாம். போனில் நீங்கள் ஒரு "ம்" சொன்னால் நான் பேச்சைக் குழாய்க்கும் முழங்காலுக்கும் மாற்றிவிடுகிறேன். படிவத்தை எப்படியும் தபாலில்தான் அனுப்பியாக வேண்டும். கூடவே இதுவும் வரட்டும்.

*

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அந்த அலுவலகக் கவுன்ட்டரில் நின்றது நினைவிருக்கிறதா? குடும்பப் பெயர் என்ற கட்டம். நம் இருவருக்கும் அப்படி ஒன்று இல்லை. உங்களுக்கு இனிஷியலாக மாமாவின் பெயர். எனக்கு இனிஷியலாக உங்கள் பெயர். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார் கவுன்ட்டர்காரர். "இனிஷியலை விரிச்சு எழுதினாப் போச்சு, இதுல என்ன இருக்கு" என்று சொல்லி, இரண்டு படிவத்தையும் நீங்களே நிரப்பினீர்கள்.

இங்கே மரியாதை என்றால் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று நமக்குப் பிறகுதான் தெரிந்தது. பாலத்து வேலையில் உங்களை மாமாவின் பெயரால் கூப்பிட்டார்கள். நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் என்னை உங்கள் பெயரால் கூப்பிடுகிறார்கள். ஒரே வீட்டில் இருவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் இருந்ததால், நாம் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள் என்று வீட்டுக்காரம்மா ஆறு மாதம் நினைத்திருந்தார். அதனால் ஒன்றும் பாதகமில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். நான் தாலியைக் காட்டினேன். அழகான சங்கிலி என்றார்.

கீழே தபால் பெட்டியில் அவர் அச்சடித்து ஒட்டிய சீட்டுகள் இரண்டு. மேலே மாமாவின் பெயர். கீழே உங்கள் பெயர். பார்க்கிறவர்களுக்கு ஓர் அப்பாவும் பிள்ளையும் குடியிருக்கும் வீடு. மருமகள் எங்கேயோ ஊருக்குப் போயிருக்கிறாள் போலிருக்கும்.

மாமாவுக்கு அது எவ்வளவு பெரிய வேடிக்கை! முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த குரல். போன் இல்லாமலே இங்கு வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே கேள்வி. "டேய், இந்த வாரம் என்னை எத்தனை தடவை திட்டினாங்க?" நீங்கள், "ரெண்டு தடவைப்பா." "நான் பதிலுக்கு ஒண்ணும் சொல்லலையா?" "இல்லப்பா, தலையக் குனிஞ்சுட்டு நின்னீங்க." அவர் சிரித்து முடிக்கும்வரை நீங்கள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பீர்கள். பிறகு அவர் சொல்வார்: "விசா இல்லாம, டிக்கெட் இல்லாம அந்த ஊர்ல வேலை பார்க்கிறவன் நான் ஒருத்தன்தாண்டா."

அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. சீட்டு அப்படியே இருக்கிறது.

*

உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. எம்.ஏ.வில் இதையே கிண்டலடித்துக் கட்டுரை எழுதியவள் நான். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையுமாம் என்று எழுதி, அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். நம்பிக்கையெல்லாம் இல்லை. நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஏங்க என்று கூப்பிட்டேன். நீங்கள் திரும்பினீர்கள். அது போதுமாக இருந்தது.

பிறகு உங்கள் வேலை ஆட்கள் கூடிய அந்த விருந்து. கூட்டத்தில் உங்களைக் காணாமல் நான் இரண்டு தடவை ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டேன். உங்கள் மேற்பார்வையாளரின் மனைவி, அதுதான் உங்கள் செல்லப் பெயரா என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். விளக்க மொழி போதவில்லை. அடுத்த வாரம் முழுவதும் பாலத்தின் மேலிருந்தும் கீழிருந்தும் "ஏங்கா! ஏங்கா!" என்று உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுத்தியலைக் கேட்டவர்கூட "ஏங்கா, சுத்தியல்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றாமல் சொன்னீர்கள். "இனிமே எல்லார் முன்னாடியும் ஏங்க ஏங்கன்னு கூப்பிடாத. மாடு மேய்க்கிற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

எல்லார் முன்னாடியும்தான் வேண்டாம் என்றீர்கள். தனியாகக் கூப்பிடவும் எனக்கு அதன் பிறகு வாய் எழவில்லை. வேறு சொல்லும் இல்லை. உங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து வந்து பக்கத்தில் நிற்பேன். வீடு சின்னது, எட்டு அடி. நீங்கள் குளியலறையில் இருந்தால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவேன். நீங்களும் என் பெயரை எப்போது விட்டீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தேதி தெரியவில்லை. "இங்க பாரு." "கேக்குதா?" அவ்வளவுதான் இப்போது நான்.

வேடிக்கை என்னவென்றால், பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் என் பிழைப்பு. காத்திருக்கும் கூடத்தின் வாசலில் நின்று, ஃபைலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விடுகிறேன். கால் மணி நேரத்தில் அவர்களுக்கு எதிரில் இருப்பவர் முகம் கலங்கிவிடும். இரண்டாம் முறை கூப்பிடும்போது என்னைப் பார்த்து வர மாட்டார்கள். தன் பெயர் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நடந்து வருவார்கள். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பேர். எத்தனையோ தேசத்துப் பெயர்கள். ஒன்றைக்கூட இப்போது தப்பாகச் சொல்வதில்லை.

*

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வேறு ஊர்ப் பாலத்து வேலைக்கு நீங்கள் புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் கண்ணாடிக் கூட்டை மறந்து என் கையில் விட்டுவிட்டுப் போனீர்கள். பத்தடிதான். நடுவில் கூட்டம். என்னை அறியாமல் கத்திவிட்டேன். "ஏங்க! ஏங்க!"

ஒருவர் திரும்பினார். பிளாட்பாரம் பெருக்குகிறவர், பச்சைச் சட்டை. நம் முகம். துடைப்பத்தை நிறுத்திவிட்டு "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, அவரைக் கூப்பிட்டேன்" என்றேன். அவர் உங்கள் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பெருக்கினார்.

நீங்கள் திரும்பவில்லை. கேட்கவில்லை என்று சொல்லலாம். அதே நேரத்தில், என்னைவிடத் தூரத்தில், கவுன்ட்டரில் நீங்கள் விட்டுவந்த அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி ஸ்டேஷன் ஆள் மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரே ஒரு முறை. அதையும் தப்பாக உச்சரித்தார். நீங்கள் சடாரென்று திரும்பினீர்கள். எதையோ செய்து மாட்டிக்கொண்டவர் முகம் மாதிரி இருந்தது. அட்டையை வாங்கினீர்கள். என் கையிலிருந்து கூட்டை வாங்கினீர்கள். வண்டி வந்துவிட்டது.

நாலு மாதமாக இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் கூப்பிட்டால் திரும்புகிறீர்கள். நான் கூப்பிட்டால் திரும்புவது ஒரு வழிப்போக்கர்.

அதன் மேல் இந்தப் படிவம். "எல்லாரும் பண்றாங்க. வாய்ல நுழையற மாதிரி சின்னதா ஒரு பேரு. அவங்களுக்கும் ஈஸி, நமக்கும் ஈஸி" என்றீர்கள். ரெண்டே எழுத்து. எழுதிப் பார்த்தேன். சொல்லிப் பார்த்தேன். தும்மல் வந்து பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கிறது. அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு என்றும் சொன்னீர்கள். அப்பா பெயர் அலுத்துப் போகுமா என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் கேட்டேன். மோசமான குரலில் கேட்டேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். கடைக்குப் போய் உறை வாங்கி வருகிறேன்.

*

திங்கட்கிழமை, மத்தியானம்

உறை வாங்கினேன். ஒட்டவில்லை. பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தேன், போகும் வழியில் போட்டுவிடலாம் என்று. நல்லவேளை, பேச்சு மும்முரத்தில் பெட்டியைத் தாண்டி வந்துவிட்டேன். பேச்சு என்றால் எனக்கு நானே.

காலையில் ஒரு ஃபைலை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். ஆண் பெயர். ஒரு பெண் எழுந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, மருந்துக்குத் தயாராகிவிட்டார். நான் ஃபைலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இது யாருடையது என்றேன். கணவருடையது. போன மாதம் இறந்துவிட்டார். பரிசோதனைக்கு வரச்சொல்லி இயந்திரம் தானாக அட்டை அனுப்பியிருக்கிறது. கைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.

ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்க வேண்டாமே என்றேன். அவர் சொன்னதை நம் மொழியில் எழுதினால் இப்படி வரும். இன்றைக்கு இந்தக் கூடத்தில் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து நிற்க ஒருவரும் இல்லையென்றால் எப்படி?

மருந்து விடாமல் அவரைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருந்தேன். பெரிய நர்ஸ் பார்த்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்லி என்னை அதட்டினார். நான் திரும்பினேன்.

திரும்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறீர்கள். காலையில் பாலத்தில் ஏறுமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் சத்தமாக, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். "அப்பா பேரைக் கூப்பிடறான், நான் இருக்கேன்னு சொல்றேன்" என்றீர்கள். மாமாவுக்குப் போனில் நடித்துக் காட்டினீர்கள்.

மாமா போனது ஞாயிற்றுக்கிழமை. கையில் பாஸ்போர்ட் இல்லை, விசா முத்திரைக்குப் போயிருந்தது. இறுதிச் சடங்கு எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தோம். சத்தத்தை நீங்கள் குறைத்துவிட்டீர்கள். மறுநாள் லீவு போடச் சொன்னேன். "லீவு போட்டு என்ன பண்ணப் போறேன்" என்று கிளம்பினீர்கள்.

அப்படியானால் அந்தத் திங்கட்கிழமை காலை, அந்த வரிசையில் நின்று, மாமாவின் பெயரைக் கூப்பிட்டதும் நீங்கள் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமையும். பதினான்கு மாதமும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வந்து குளியலறையில் காலணியைத் தேய்த்தீர்கள். ஒரு மணி நேரம். சேறே இல்லாத காலணி. நான் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினேன். காபி ஆறுகிறது என்பதற்காக.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். சுத்தியலால் ஆணியைத் தட்டினால் கணீரென்று பதில் வர வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. நம் வீட்டு மேஜை, கட்டில், என் மண்டை வரை தட்டிக் காட்டினீர்கள். ஸ்டேஷனில் நீங்கள் திரும்பிய முகத்தை நான் மாட்டிக்கொண்ட முகம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். நான் எவ்வளவு தப்பாகப் பார்ப்பேன் என்று உங்களுக்கும் தெரியட்டும். அந்தப் பெயரைக் கேட்டதும், யாரோ வந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறீர்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வந்தேன். நான்தான் எட்டு அடிக்குள் இருந்தேனே. ஆனால் நான் கேட்டதும் இல்லையே. மணி அடித்துவிட்டது. மிச்சம் வீட்டில்.

*

செவ்வாய்க்கிழமை, காலை

படிவம் இதனுடன் இருக்கிறது. முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு அந்தத் தும்மலே இருக்கட்டும். மாமா இனி வேலைக்குப் போக வேண்டாம். அவரைக் கூப்பிட வேண்டாம், நீங்களும் பதில் சொல்ல வேண்டாம். யாரும் தப்பாக உச்சரிக்கவும் வேண்டாம். அத்தையிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். குரல்தான் நன்றாக வருமே.

இரண்டாம் கட்டத்தில் போடவில்லை. பென்சில் குறியை அழித்துவிட்டேன். இது கோபம் இல்லை, கணக்காக யோசித்ததுதான். அத்தைக்கு நீங்கள் தம்பி. வேலையில் இனி ரெண்டெழுத்து. எனக்கோ நாக்கு வராது. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் இந்த ஊரில் கண் ஆஸ்பத்திரி ஒன்றுதான். அதற்குத் திரும்புகிற ஆள் நான் ஒருத்திதான். நானும் மாற்றிக்கொண்டுவிட்டால், நாளைக்கு உங்கள் பெயரை ஒருவர் கூப்பிட்டால், எழுந்து நிற்க யார் இருக்கிறார்கள்? ஆறு வருடமாக எண்ணெய் போடாமல், தூசி துடைக்காமல், என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டி இல்லை.

காலையில் கீழே போய் வெந்நீர் தொட்டுத் தொட்டுத் தபால் பெட்டியிலிருந்து மேல் சீட்டைக் கிழியாமல் உரித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. தபால்காரர் நின்று பார்த்தார். பெரியவர் போய்விட்டாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொப்பியைக் கழற்றினார். பெட்டியில் பெயர் பார்த்துப் பார்த்து அவருக்கும் மாமாவைத் தெரிந்திருக்கிறது. இந்த ஊரில் மாமாவுக்காகத் தொப்பி கழற்றியவர் அவர் ஒருவர்.

சீட்டை உலர்த்தி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். சாயங்காலம் நாலு மணி வண்டியில் அங்கே வருகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை, கேட்டால் நீங்கள் "ம்" என்பீர்கள். இரண்டு நாள் இருப்பேன். ஸ்வெட்டரின் மூன்றாவது பொத்தான் விழுந்திருக்கும். அது எப்போதும் விழும். ஊசியும் நூலும் கொண்டுவருகிறேன். அதுவரை பாலத்தில் ஏறும்போது பெல்ட்டை மாட்டுங்கள். மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். காதை மூடிக் குல்லாய் போடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், வேறு எதுவும் இப்போது வேண்டத் தெரியவில்லை.

உங்கள் ஊர் ஸ்டேஷனும் கூட்டமாகத்தான் இருக்கும். என்னைத் தேடாதீர்கள். நான் இறங்கிய இடத்திலிருந்தே கூப்பிடுவேன். முதல் வரியில் காலியாக விட்டேனே, அந்தச் சொல்லால். உங்கள் வேலை ஆட்கள் பக்கத்தில் நின்றாலும் சரி, மாடு மேய்க்கிற மாதிரியே இருந்தாலும் சரி. பெருக்குகிறவர் யாராவது எனக்காகத் திரும்புவதற்கு முன்னால் நீங்கள் திரும்ப வேண்டும்.

திரும்பி, என் பெயரைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லி நான் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. இந்த இடத்தில் அதை நானே எழுதிவிட்டால் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள்